குல்ஷ், நவம்பர்

நவம்பர் 11
ஆஸ்பத்திரியிலிருந்து இன்றும் போன் இல்லை.

நவம்பர் 12
ஸ்காட்லாந்தின் இந்த டார்லண்டில் பால் வாங்கிவிட்டு வரும்போது சாலையோரப் பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். குல்ஷ் எர்த் ஹவுஸ், மண்ணுக்கடியில் கல்லால் கட்டிய பழங்காலச் சுரங்கம். வாசலில் நன்றாகக் குனிய வேண்டும், போகப் போக நிமிரலாம். கிட்டத்தட்ட 40 அடி, வளைந்து போகிறது. அந்த வளைவில் வெளிச்சம் போய்விடுகிறது. சாந்து இல்லாமல் அடுக்கிய கல். சுவர் மேலே போகப் போக உள்வாங்குகிறது, அதன்மேல் கல் பலகைகள். 2,000 வருஷக் கூரை. இங்கே வாடகை வீட்டில் குளியலறை ஒழுகுகிறது.

உள்ளே சிக்னல் இல்லை என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பதறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

நவம்பர் 13
அவர் நாள் முழுக்கத் தூங்கினார். கஞ்சி இரண்டு வாய்.

நவம்பர் 15
எதற்காகக் கட்டினார்கள்? ஒளிந்துகொள்ள என்று முன்பு சொல்லியிருக்கிறார்கள். இருப்பது ஒரே வாசல், அங்கே தீ மூட்டினால் உள்ளே இருப்பவன் கதி? கார்லங்கியிலும் ஆர்டெஸ்டியிலும் 1949-இல் ஏர் ஓட்டும்போது இதே மாதிரிச் சுரங்கங்கள் தட்டுப்பட்டு, தோண்டினால் பக்கத்திலேயே வீடுகள். அப்படியானால் சாமான் அறைதான். தானியம் என்கிறார்கள். இந்த ஈரத்தில் பூசணம் பிடிக்காதா? வெண்ணெய் என்றால் நம்புவேன்.

நவம்பர் 16
ஆங்கஸ் பக்கம் இதற்கு வீம் என்று பெயராம். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் குகைக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது. வீம்பு என்று எழுதி அடித்தேன். அவரிடம் சொன்னேன், சிரித்தார்!

நவம்பர் 17
போன் வந்தது. கார் இன்சூரன்ஸ். வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அந்தப் பெண்.
நாலு மணிக்கே இருட்டு.

நவம்பர் 19
போனை வண்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். வேண்டுமென்றேதான். அரை மணி நேரம் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றேன், குளிர் கோட்டைத் தாண்டி முதுகில் ஏறியது. கிரைட்டனில் இதே மாதிரி ஒன்றுக்கு ரோமானியர் செதுக்கிய கற்களைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வெண்ணெய்க்கா இவ்வளவு? அப்புறம், சிலவற்றை அந்தக் காலத்து ஆட்களே மண்ணைக் கொட்டி மூடியிருக்கலாம் என்றும் படித்தேன். அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

வண்டியில் ஒரு மிஸ்டு கால். அவர்தான், வெந்நீர்ப் பை எங்கே என்று.

நவம்பர் 20
நாளை 10 மணிக்கு அபர்டீன் ஆஸ்பத்திரி. போனில் சொல்ல மாட்டார்களாம், நேரில் வர வேண்டுமாம்.
டார்ச்சுக்கு பேட்டரி கட்டை வாங்க வேண்டும்.