கொரோனாக் காலத்தில் மலையகத்தில் எம்.டி. பயிற்சி நடத்தியபோது பட்ட பாடு

இலங்கையின் மலையகத்தில் ஒரு வைத்தியசாலையில், நிபுணராவதற்காக எம்.டி. பட்டம் படிக்கும் வைத்தியர்களான பயிலுநர்களுக்கான பயிற்சியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. விரிவுரைகள் சூமுக்குப் போனதில் பெரிய கஷ்டமில்லை. மஸ்கெலியாவில் தனிமைப்படுத்தலில் இருந்த பயிலுநர் தங்கச்சி ஒருவருக்கு மட்டும் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும், அவருக்குக் குரலை மட்டும் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

கட்டிலோரத்துப் படிப்புத்தான் நின்றுபோனது. 2020 மார்ச் 20 ஊரடங்கு போட்டதும் கிளினிக் வெறிச்சோடியது, சீனி வருத்தக்காரருக்கும் பிரஷர்காரருக்கும் மருந்து தபாலில் போனது. நோயாளருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதான ஒருவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து அந்த இரைச்சலைத் தன் காதால் கேட்காத பிள்ளையை நிபுணராக்க நான் எப்படிக் கையொப்பம் வைப்பது? சத்திரசிகிச்சைப் பயிலுநர்கள் நிலை இன்னும் மோசம். அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதால் செய்த சத்திரசிகிச்சைகளைப் பதிந்து கையொப்பம் வாங்கும் அவர்களின் லொக் புக்கில் பக்கம் பக்கமாக ஒன்றுமில்லை.

வார்டுக்குள் ஒருவர் மட்டும் போவார், மற்றவர்கள் பக்கத்து அறையில் போனில் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், அப்படித்தான் ஒப்பேற்றினோம். காது மந்தமான ஒரு தோட்டத்துப் பாட்டி, வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சு விளங்கும், முகக்கவசத்தையும் ஷீல்டையும் பார்த்துவிட்டு "மொகத்தக் காட்டுங்க ஐயா, ஒண்ணும் வெளங்கல" என்று அழுதேவிட்டார். ரெஜிஸ்ட்ராராக இருந்த பயிலுநர் தம்பி வெளியே போய், மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கவசத்தை இறக்கி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். பாட்டி உள்ளேயிருந்து சத்தமாகப் பதில் சொல்ல, தாதி எழுதினார். நோயாளியிடம் கேட்டெடுக்கும் நோய் வரலாற்றைத்தான் ஹிஸ்டரி என்போம், அந்த வருடம் நான் பார்த்த மிகச் சிறந்த ஹிஸ்டரி அதுதான்.

அப்புறம் கொழும்பில் பரீட்சை. 2021 மே மாதம் மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை வந்தது. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் வீதி மத்திய மாகாணத்தில் தொடங்கி, சப்ரகமுவையைக் கடந்து, மேல் மாகாணத்துக்குள் நுழைகிறது. ஆக இரண்டு எல்லை. அனுமதிக் கடிதத்துக்கு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால், வைத்தியசாலைக் கடிதத்தின் ஸ்கேன் பிரதி செல்லாதாம், மூலப் பிரதி வேண்டுமாம். தபால் நகராத நேரத்தில் மூலப் பிரதியை எப்படி அனுப்புவது என்று கேட்டேன். "அது உங்க பிரச்சினை" என்று அந்த கிளார்க் போனை வைத்துவிட்டார். கடைசியில் ஓர் அம்புலன்ஸ் சாரதிதான், நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கடித உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்கு இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அப்படி வாங்கிய அனுமதியோடு போன பிள்ளைகளையும் சோதனைச் சாவடியில் திருப்பிவிட்டார்கள். கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, வாகன இலக்கமும் இல்லை, சாரதி பெயரும் இல்லை. விடிந்தால் பரீட்சை. எங்கள் பணிப்பாளர் இரவோடு இரவாகச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி, வைத்தியசாலை வாகனத்தையே கொடுத்தார். எல்லோரும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்று மெசேஜ் வந்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கியது.

இனி ஒரு பெருந்தொற்றில் இந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்தாலும் சரி, அனுமதிக் கடிதத்தை மும்மொழியிலும் கேளுங்கள், வாகன இலக்கம், சாரதி பெயர், அடையாள அட்டை இலக்கம், திரும்பி வரும் திகதி எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். முந்தின நாளே புறப்படுங்கள். லொக் புக்கில் வெறுமையான மாதங்களுக்கு, ஏன் வெறுமை என்று பொறுப்பு நிபுணரிடம் அந்த மாதமே எழுத்தில் வாங்கி வையுங்கள். அவர் இடமாற்றத்தில் போய்விட்டால் பிள்ளை அந்தக் கையொப்பத்துக்காகத் தீவு முழுக்க அலைய வேண்டிவரும்.