வண்டியா, பையனா?

கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி டிராக்கில் எல்ஜிபி ஃபார்முலா 4 கார் ரேஸ் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே வண்டி, ஒரே ஸ்விஃப்ட் எஞ்சின், ஒரே டயர். அதனால் பிந்துகிறவன் வண்டியைக் குறை சொன்னால், வண்டிகளைத் தயார் செய்கிற பிட்டில் சிரிப்பார்கள். மெக்கானிக்காக நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் டீமில் ஓட்டிய ஒரு பையன் லேப்புக்கு அரை விநாடி பின்தங்கினான். யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவு செய்யும் குவாலிஃபையிங் முடிந்ததும் அவன் அப்பா வந்து கேட்டார்: "ஏனுங், மறைக்காம சொல்லுங்க. வண்டியா, பையனா?"

"வண்டியில ஒண்ணுமில்லீங்" என்றேன்.

மனுசர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஒரே கம்பெனி லேத்து ரெண்டு எங்கிட்ட நிக்குதுங். ஒண்ணுல வர்ற ஃபினிஷிங் இன்னொண்ணுல வராது." அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த சீசனுக்கு அவர் பணம் கட்டவில்லை.

பொய் சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், மூக்கு நல்ல பிஸ்கட் நிறம், அதாவது எரிதல் சரி. கம்ப்ரஷன் சரி. நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து எடை பார்த்தாயிற்று. வேகமான வளைவில் அவன் மற்றவர்களுக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரை விட்டான். அது காதுக்கே கேட்டது.

ஆனால் ஏன் விட்டான்? பின்பக்கம் வழுக்கினாலும் விடுவான், பயந்தாலும் விடுவான். வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒரே சத்தம். அந்த வண்டியின் சேஸி, அதாவது அடிச்சட்டம், ஒருமுறை அடிபட்டு வெல்டு வைத்தது. நிற்கிற வண்டியைத்தான் தராசு எடை போடும். வளைவில் சேஸி எவ்வளவு முறுக்குகிறது என்று அது சொல்லாது. தவிர, வண்டியைத் தயார் செய்தவனிடமே வண்டி எப்படி என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

நம்ம ஊர் நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் இண்டியானாபோலிஸ் ஃபார்முலா 1 ரேஸில் ஜோர்டான் டீம் வண்டியில் நாலாவது வந்தார். மிச்செலின் டயர் போட்ட டீம்கள் விலகிக்கொண்டதால் அன்று ஓடியதே ஆறு வண்டி. 2011, 2012 மெல்போர்னில் எச்ஆர்டி டீம் வண்டியின் குவாலிஃபையிங் நேரம், மிக வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதிக்குள் வராததால் ரேஸுக்குள்ளேயே போக முடியவில்லை. இரண்டு தடவையும் டீமின் இன்னொரு டிரைவரும் வெளியேதான் நின்றார். அதனால்தான் அந்த உலகத்தில் ஒருத்தரை அவர் டீம்மேட்டோடு ஒப்பிட்டு எடை போடுகிறார்கள். பின்தங்கிய டீமான வில்லியம்ஸில் அதுவரை ஒரு பாயிண்ட்கூட எடுக்காத ஜார்ஜ் ரஸ்ஸல், 2020இல் ஹாமில்டனுக்குக் கொரோனா வந்ததால் சாகிர் ரேஸுக்கு அவருடைய முன்னணி டீமான மெர்சிடிஸில் உட்கார்ந்தார். குவாலிஃபையிங்கில் அங்கே டீம்மேட்டான போட்டாஸை விட 0.026 விநாடிதான் பின்னால். ரேஸில் வெகுநேரம் முன்னணி. டயரை மாற்றிப் போட்ட குளறுபடியும் பஞ்சரும் சேர்ந்து ஒன்பதாவதாக முடிந்தது வேறு கதை. அந்த ஒரு வாரம் கிடைக்காவிட்டால் அவரைப் பற்றி என்ன சொல்லியிருப்போம்?

எங்கள் பையனுக்கும் அஞ்சு லேப் வேறு வண்டி கொடுத்துப் பார்க்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். "அந்த வண்டிக்குக் காசு கட்டுனது வேற பையனோட அப்பாங்க, இவனை எப்படி ஏத்தறது?" என்றார். அதுவும் நியாயம்தான். இதை லேத்துக்காரரிடம் நான் சொல்லவில்லை. டீமுக்குள் நடப்பதை வெளியே சொல்வது என் வேலையும் இல்லை.

அடுத்த வருசம் அதே சேஸியில் வேறு பையன் ஓட்டினான். ஜெயிக்கவுமில்லை, கடைசியில் வரவுமில்லை, நடுவில் வந்தான். பார்த்தீர்களா, வண்டி சரியாகத்தான் இருந்தது என்று பிட்டில் சொன்னேன். டேம்பர் (ஷாக் அப்சார்பர்) நாலையும் புதுசாக மாற்றியிருந்ததை யாரும் கேட்கவில்லை.