இடைவேளையின் பதினைந்து நிமிடம்

லண்டனில் படித்தபோது வார இறுதிகளில் கால்பந்து மைதானத்தில் ஸ்டூவர்ட் (கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணியாளர்) வேலை பார்த்தேன். மஞ்சள் ஜாக்கெட், காதில் ரேடியோ. நிற்கும் இடம் பெரும்பாலும் படிக்கட்டு வாசல். கீழே பீர் விற்கும் கூடம், மேலே இருக்கைகள். பீரோடு யாரும் என்னைத் தாண்டி மேலே போகக் கூடாது, அவ்வளவுதான் வேலை.

இது அந்த மைதானத்தின் விதி இல்லை, 1985-ல் வந்த சட்டம். இங்கிலாந்தில் ஆண்களின் பெரிய லீக் ஆட்டங்களில், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது வைத்திருப்பதே குற்றம். அந்த வருடம் மே மாதம்தான் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில், இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ஆடிய ஆட்டத்தின்போது ரசிகர்கள் மோதலில் சுவர் இடிந்து, நெரிசலில் 39 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்துப் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் வாசலில் நின்றால் வேறொன்று தெரியும். இடைவேளை விசில் ஊதியதும் மேலே இருப்பவர்களில் பாதிப்பேர் கீழே இறங்குவார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் வரிசையில் நின்று வாங்கி, குடித்து, கழிப்பறைக்கும் போய்த் திரும்ப வேண்டும். சிந்திய பீரில் தரை வழுக்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து வரும் குழந்தைகளைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஒரு குளிர்கால ஆட்டத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிறைந்த பிளாஸ்டிக் கோப்பையோடு முதல் படியில் கால் வைத்தார். "இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள் ஐயா" என்றேன். மேலே இரண்டாம் பாதி தொடங்கிய இரைச்சல் கேட்டது. அவர் மறுத்துப் பேசவில்லை. மொத்தத்தையும் ஒரே மூச்சில் குடித்து, காலிக் கோப்பையை என் கையில் கொடுத்தார். நான்கு படி ஏறியதும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முழங்கையைத் தாங்கி இருக்கை வரை கூட்டிப்போனேன். சட்டப்படி சரியாகத்தான் செய்தேன். ஆனால் அரை மணி நேரம் வைத்துக் குடித்திருக்க வேண்டியதை அரை நிமிடத்தில் குடிக்கவைத்தது நான்தான்.

லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் ரக்பி பார்ப்பவர் இருக்கையிலேயே பீர் குடிக்கலாம். கால்பந்து நடக்கும் வெம்ப்ளி மைதானத்தில்கூட அமெரிக்கக் கால்பந்து நடக்கும் நாளில் அப்படித்தான். அதே வெம்ப்ளியில் 2021 ஜூலை 11-ல் யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டி) இறுதி ஆட்டத்துக்கு, காலையிலிருந்தே வெளியே குடித்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து சுமார் 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே புகுந்தார்கள். இருக்கையில் பீர் கூடாது என்ற சட்டம் அன்று எதைத் தடுத்தது?

தடையை ஒரேயடியாக எடுக்கச் சொல்லவில்லை. பகை இல்லாத ஆட்டங்களில் இருக்கைக்கு ஒரு கோப்பை கொண்டுபோக விட்டுப் பார்க்கலாம் என்கிறேன்.

அந்த நாளுக்கு அப்புறம் நான் யாரையும் சீக்கிரம் முடிக்கச் சொல்லவில்லை. "மெதுவாகக் குடியுங்கள், கோலடித்தால் ரேடியோவில் கேட்டுச் சொல்கிறேன்" என்பேன். சிலர் என் பக்கத்திலேயே நின்று குடித்துவிட்டுப் போனார்கள்.