அமுங்கிய நெஞ்சு: ஸ்கேன் அறையிலிருந்து ஒரு முடிவு வரை

என் மார்பெலும்பு உள்பக்கமாக அமுங்கியிருக்கிறது. இரண்டு மார்புகளுக்கும் நடுவில், சற்றுக் கீழே, மூன்று விரல்களை வைத்தால் உள்ளே அடங்குகிற ஒரு குழி. மருத்துவர்கள் பெக்டஸ் எக்ஸ்கவேட்டம் என்கிறார்கள். விலா எலும்புகளை மார்பெலும்போடு சேர்க்கிற குருத்தெலும்புகள் ஒழுங்கில்லாமல் வளர்ந்து, நடு எலும்பை முதுகுப் பக்கம் தள்ளிவிடுகின்றன. மார்புக்கூட்டில் வருகிற பிறவிக் குறைபாடுகளில் இதுதான் அதிகம். ஏறக்குறைய 300, 400 குழந்தைகளுக்கு ஒருவருக்கு இருக்கும். ஆண்களுக்கே அதிகம் என்பதால் இதைப் பற்றிப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். ஒரு பெண் தன் அனுபவமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. துப்பட்டாவை ஒரு கணம் விலக்கக்கூட யோசிக்கிற ஏதோ ஒரு பெண்ணுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சொந்த ஊர் குன்னத்தூர் பக்கம். வேலை திருப்பூரில், ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வயது 27.

சின்ன வயதில் குழி அவ்வளவாகத் தெரியவில்லை. குளிப்பாட்டும்போது அம்மா பார்த்துவிட்டு அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) சொல்ல, "உடம்பு புடிச்சா சரியாப் போயிரும் கண்ணு" என்று அம்மாயி முடித்துவிட்டார். அதிலிருந்து வாரம் தவறாமல் நெஞ்செலும்பு சூப். நெஞ்சுக்கு நெஞ்செலும்பு என்பது அவர் கணக்கு. அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எடை கூடினால் இந்தக் குழி நிரம்பாது. சதை எலும்பின் மேல்தான் ஏறும், எலும்பை வெளியே தள்ளாது.

இன்னொரு பயமும் வீட்டில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நெஞ்சு ஒட்டிப்போன ஆளைப் பார்த்தால் பெருந்துறை சானடோரியம்தான் நினைவுக்கு வரும். இப்போது மருத்துவக் கல்லூரியாக இருக்கிற அந்த இடம் ஒரு காலத்தில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனை. "வெளிய சொல்லாத அம்மிணி, வேற மாதிரிப் பேசுவாங்க" என்று அம்மா சொன்னதற்குக் காரணம் அதுதான். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி பரிசோதனை செய்தார்கள், காசநோய் இல்லை என்று தெரிந்தது. அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காசநோய் இல்லை என்பதோடு கேள்வியே தீர்ந்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

வயதுக்கு வந்து உயரம் கூடிய அந்தச் சில வருடங்களில்தான் குழி மளமளவென்று ஆழமானது. இந்தக் குறைபாடு பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். வளரும் பருவத்தில் ஆழமாகி, வளர்ச்சி நின்றதும் ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். பெண்களுக்குக் கூடவே இன்னொரு சிக்கல். எலும்பு நேராக அமுங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து அமுங்கினால் மார்பு ஒன்று சிறியதாகத் தெரியும், இரண்டுமே உள்நோக்கித் திரும்பினாற்போல இருக்கும். மார்பகத்தில் எந்தக் குறையும் இல்லை, அது உட்கார்ந்திருக்கிற தளம்தான் சாய்ந்திருக்கிறது. இது எனக்குத் தெரியவே பல வருடம் ஆயிற்று.

ஜாக்கெட் தைக்கப் போகும் ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும். அளவெடுக்கிற டேப் குழியின் மேல் நேராகக் கடந்து போய்விடும். சுற்றளவு சரியாக இருக்கும், ஆனால் தைத்துப் போட்டால் முன்பக்கம் நடுவில் துணி காற்றில் நிற்கும். எங்கள் ஊர் டெய்லர் அக்கா ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல் வழி கண்டுபிடித்தார். சாதாரண டாட் பிடிக்காமல் பிரின்சஸ் கட், கனமான லைனிங், கழுத்து சற்று மேலே. இன்றைக்கும் எனக்கு அவர்தான் தைக்கிறார்.

மூச்சு விஷயம் மெதுவாகத்தான் பிடிபட்டது. சென்னிமலைக்கு 1320 படி. வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே ஏறுவார்கள், நான் கொஞ்சம் ஏறியதுமே பேச முடியாமல் நின்றுவிடுவேன். இடது பக்கம் படுத்தால் இதயத் துடிப்பு படுக்கையில் மோதுவது கேட்கும். கம்பெனியில் லிஃப்ட் நின்றுபோன ஒரு வாரத்தில், மூன்றாம் மாடி ஏறி வந்து பதில் சொல்ல முடியாமல் தவித்ததைப் பார்த்த தோழிதான் டாக்டரிடம் போகச் சொன்னாள்.

முதலில் பார்த்த டாக்டர் சட்டென்று முடித்துவிட்டார். "இது பார்வைக்குத்தான் அப்படி, கல்யாணம் பண்ணிக்கலாம், குழந்தை பெத்துக்கலாம், போங்க" என்றார். நான் கேட்டது கல்யாணத்தைப் பற்றி இல்லை, படி ஏறுவதைப் பற்றி. ஸ்டெதாஸ்கோப்பைத் தவிர வேறு எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஒரு பெண்ணை இப்படி அனுப்பிவிடுவது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அமுங்கிய எலும்பு எல்லோருக்கும் தொந்தரவு கொடுக்காது என்பது உண்மைதான். யாருக்குக் கொடுக்கிறது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

எந்தத் துறைக்குப் போவது என்பதிலேயே பலர் அலைகிறார்கள். பெரியவர்கள் என்றால் இதய-மார்பு அறுவை சிகிச்சைத் துறை, மருத்துவமனைகளில் சி.டி.வி.எஸ். என்று போர்டு இருக்கும். பிள்ளைகள் என்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். நான் கோயம்புத்தூரில் முதலில் இதய மருத்துவரைப் பார்த்து, அவர் வழியாக அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனேன். இந்த அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து செய்கிறவரா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் கோபிப்பாரோ என்று பயந்திருந்தேன், அவர் கோபிக்கவில்லை.

அவர் முதலில் என் கையைத்தான் பார்த்தார். கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறு கை மணிக்கட்டைச் சுற்றச் சொன்னார், கைகளை விரித்து நீளம் அளந்தார், கண்ணில் கோளாறு உண்டா என்று கேட்டார். மார்ஃபான் என்ற இணைப்புத் திசு நோய் இருக்கிறவர்களுக்கு இப்படி நெஞ்சு அமுங்குவது உண்டு. அவர்களுக்கு இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாய் விரியலாம் என்பதால் அதை முதலில் பார்ப்பார்களாம். எனக்கு அது இல்லை. முதுகெலும்பு வளைவு லேசாக இருந்தது, இதுவும் பலருக்குச் சேர்ந்தே வருவது.

அப்புறம் ஈ.சி.ஜி., ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ, நுரையீரல் திறன் பரிசோதனை, சி.டி. ஸ்கேன். சி.டி.யில் இரண்டு அளவு எடுக்கிறார்கள். மார்புக்கூட்டின் உள் அகலம் ஒன்று. எலும்பு மிக ஆழமாக அமுங்கிய இடத்தில், மார்பெலும்பின் பின்புறத்திலிருந்து முதுகெலும்பின் முன்புறம் வரை உள்ள தூரம் இன்னொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஹாலர் இண்டெக்ஸ். 1987ல் வந்த அளவு இது. சாதாரணமாக 2.5 பக்கம் இருக்கும், 3.25க்கு மேல் போனால் தீவிரம் என்று கணக்கு. எனக்கு அகலம் 24.5 செ.மீ., ஆழம் 6.8 செ.மீ., ஆக 3.6. நாள் முழுக்க மெஷர்மென்ட் சார்ட்டோடு வேலை செய்கிறவள் நான். இத்தனை வருடம் "கொஞ்சம் ஒட்டியிருக்கு" என்று மட்டுமே கேட்ட ஒன்றுக்கு முதன்முறையாக ஓர் எண் கிடைத்தபோது, பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

எக்கோவில் இதயம் இடப்பக்கம் சற்று நகர்ந்திருந்தது, வலது கீழறையை எலும்பு லேசாக அழுத்தியிருந்தது. வால்வுகள் நன்றாக இருந்தன. நுரையீரல் திறன் சாதாரண எல்லையின் அடிப்பகுதியில். உட்கார்ந்துகொண்டோ படுத்துக்கொண்டோ செய்கிற பரிசோதனையில் பலருக்கும் எல்லாம் சரியாகவே வந்துவிடும் என்பதால், முகத்தில் மாஸ்க் மாட்டி சைக்கிள் மிதிக்கச் சொல்லி ஆக்சிஜன் எவ்வளவு எடுக்கிறோம் என்று பார்க்கிற பரிசோதனையும் செய்தார்கள். அதில்தான் என் தவிப்பு அளவாக வந்தது. என் வயதுக்கு எதிர்பார்க்கிறதைவிடக் குறைவு. எனக்கிருந்த மூச்சிறைப்பு கற்பனையில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. இந்தப் பரிசோதனையை எல்லா இடத்திலும் செய்வதில்லை, கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சை என்று சொன்னபோது அவர் முன்வைத்த வழிகள் சில. ராவிட்ச் என்பவர் 1949ல் விவரித்த பழைய முறையில் முன்பக்கம் திறந்து, கோணலாக வளர்ந்த குருத்தெலும்புகளை எடுத்து, எலும்பை நிமிர்த்துவார்கள். இப்போது அதிகம் செய்வது நஸ் முறை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த டொனால்ட் நஸ் 1987ல் தொடங்கி, 10 வருட அனுபவத்தை 1998ல் வெளியிட்டார். இரண்டு விலாவிலும் சிறிய வெட்டு. உள்ளே கேமரா பார்த்துக்கொண்டிருக்க, வில்லைப் போல வளைத்த உலோகப் பட்டையை எலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே நுழைத்துத் திருப்பிப் போடுவார்கள். எலும்பு அந்த இடத்திலேயே மேலே எழும்பிவிடும். பட்டை இரண்டிலிருந்து நான்கு வருடம் உள்ளே இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். 12லிருந்து 18 வயதுக்குள் எலும்பு வளைந்து கொடுக்கும் என்பதால் அப்போது செய்வது எளிது. என் வயதில் செய்யலாம், ஆனால் இரண்டு பட்டை தேவைப்படலாம், வலியும் கூடுதல்.

வலியைப் பற்றி அவர் மறைக்கவில்லை. முதல் சில நாட்கள் கடுமையாக இருக்கும். விலா நரம்புகளைக் குளிரால் சில மாதங்களுக்கு மரத்துப்போகச் செய்கிற கிரையோ முறை இருக்கிறது, அது உள்ள இடத்தில் செய்தால் நல்லது என்றார். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, உடம்பைத் திருக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். பட்டை நகர்ந்துவிடலாம், கிருமி தொற்றலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம், மிக அரிதாக இதயத்தில் காயம் படலாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் கேட்டார்: "கவரிங் தோடு போட்டா காது அரிக்குமாம்மா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவரிங் கம்மல் போட்டால் மறுநாளே எனக்குக் காது புண்ணாகி நீர் வடியும். அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. நஸ் முறையில் வழக்கமாக வைக்கிற எஃகுப் பட்டையில் நிக்கல் இருக்கிறது. தோல் மருத்துவர் முதுகில் நிக்கல் தடவிய ஒட்டுகளை ஒட்டிப் பார்க்கிற ஒட்டுப் பரிசோதனை செய்து, இரண்டு நாள் கழித்தும் அதற்குப் பிறகு ஒருமுறையும் பார்த்து உறுதிப்படுத்தினார். இனி எனக்கு டைட்டானியம் பட்டைதான். அதை அறுவை அரங்கில் வளைப்பது கஷ்டம் என்பதால் சி.டி. அளவை வைத்து முன்கூட்டியே வளைத்து வரவழைப்பார்கள். செலவும் கூடும். இந்தக் கேள்வியை உங்கள் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பெல்ட் பக்கிள், கைக்கடிகாரம், கவரிங் சங்கிலி எது பட்டு அரித்தாலும் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. பல மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் வெளியே தெரிகிற பிறவிக் குறைபாட்டுக்குப் பணம் கிடையாது என்று விதி இருக்கும், அழகுக்கான சிகிச்சை என்றும் தட்டிக்கழிப்பார்கள். ஹாலர் அளவு, எக்கோ, சைக்கிள் பரிசோதனை முடிவு மூன்றையும் வைத்து, இதயமும் மூச்சும் பாதிக்கப்பட்டிருப்பதாக மருத்துவரிடம் கடிதம் வாங்கி, தேதி குறிக்கும் முன்பே எழுத்தில் பதில் கேட்க வேண்டும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிற பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. வழியாகவும் கேட்கலாம்.

வீட்டில் வேறு கணக்கு ஓடியது. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்பவே ஆபரேசன் பண்ணிட்டா யாருக்கும் சொல்ல வேண்டியதில்லயே சாமி" என்றார் அம்மா. அப்பாவுக்கு இதயத்துக்குப் பக்கத்தில் கம்பி என்பதே பொறுக்கவில்லை. அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: மூச்சுக்காகச் செய்தால் செய்கிறேன், மறைப்பதற்காகச் செய்ய மாட்டேன். விலா இரண்டிலும் தழும்போடு, உள்ளே பட்டையோடு போய்விட்டு எதை மறைப்பது? பட்டை உள்ளே இருக்கிற வருடங்களில் கருத்தரிப்பதைத் தள்ளிப் போடுவது நல்லது என்று என் மருத்துவர் சொன்னதையும் கணவராக வருகிறவரிடம் பேசித்தானே ஆக வேண்டும்? அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவரே தரகரிடம், "பொண்ணுக்கு நெஞ்செலும்புல ஒரு அமுக்கம் இருக்குதுங்க, டாக்டருகிட்டக் காட்டியிருக்கறோம், கேக்கறவங்களுக்கு ரிப்போர்ட்டு தர்றோம்" என்று சொல்லிவிட்டார். நான் கேட்காமலே சொன்னார்.

நான் எடுத்த முடிவு: இப்போது அறுவை சிகிச்சை இல்லை. செய்துகொள்ளத் தகுதி இருக்கிறது, ஆனால் அவசரம் இல்லை என்றுதான் மருத்துவரும் சொன்னார். ஆறு மாதம் பிசியோதெரபிஸ்ட் சொல்கிற மூச்சுப் பயிற்சியும் முதுகுப் பயிற்சியும் நடையும். பயிற்சி எலும்பை நிமிர்த்தாது என்று தெரியும். ஆனால் குழியை மறைக்கவே தோளைக் குறுக்கி நடந்து பழகியதால் நானாகச் சேர்த்துக்கொண்ட கூனல் நிமிரும், தசைக்கு வலு வரும். அதன்பின் அதே சைக்கிள் பரிசோதனை. அப்போதும் எண் கூடாவிட்டால் டைட்டானியம் பட்டைக்குத் தயார். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் அண்ணன் மகன். 11 வயது. இது குடும்பத்தில் தொடர்வது உண்டு என்று மருத்துவர் சொன்னதும் நங்கையிடம் (அண்ணன் மனைவி) போனில் கேட்டேன். "அவன் கொஞ்ச நாளா வாய்க்கால்ல குளிக்கறப்ப பனியனக் கழட்டறதே இல்ல" என்றார். பார்த்தோம், ஆழமில்லாத குழி. இந்த வயதுக்கு வேக்வம் பெல் என்ற வழி இருக்கிறது. இதே குறைபாட்டோடு பிறந்த கிளோபே என்ற ஜெர்மன் பொறியாளர் உருவாக்கியது. நெஞ்சின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்துக் காற்றை உறிஞ்சி எலும்பை மேலே இழுப்பார்கள். அரை மணி நேரம், காலையும் மாலையும் என்று தொடங்கி நேரத்தைக் கூட்டி, மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். குழி ஆழமில்லாமல் எலும்பு இளசாக இருக்கும்போதுதான் நன்றாகப் பலன் தரும். எனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அவனுக்குக் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். நானும் லீவு சொல்லிவிட்டேன்.