சின்னச் சட்டை

கடந்த ஞாயிறன்று தருமபுரியில் எங்கள் சபையில் ஒரு பிள்ளைப் பிரதிஷ்டை, அதாவது குழந்தையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும் ஆராதனை, நடந்தது. பாலக்கோட்டுப் பக்கமிருந்து வந்திருந்த இளம் தம்பதியர் தங்கள் மூன்றாவது பெண் குழந்தையை ஏந்தி நிற்க, போதகர் வேதாகமத்தின் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை வாசித்தார். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலிருந்த ஆலயத்தில் மனங்கசந்து அழுது, ஓர் ஆண்பிள்ளையைத் தந்தால் அவனை வாழ்நாள் முழுவதும் கர்த்தருக்கே ஒப்புக்கொடுப்பேன் என்று பொருத்தனை பண்ணிய பகுதி அது.

பிரதிஷ்டை ஆராதனைகளில் வாசிப்பு பெரும்பாலும் அன்னாள் தன் பிள்ளை சாமுவேலை ஆசாரியன் ஏலியிடம் ஒப்படைப்பதோடு முடிந்துவிடுகிறது. என் மனம் போய் நிற்பதோ அடுத்த அதிகாரத்தின் 19ஆம் வசனத்தில். ஆண்டுதோறும் கணவனோடு பலி செலுத்த வரும்போதெல்லாம் அவள் மகனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவந்தாள். சாமுவேலுக்குச் சணல்நூல் ஏபோத் என்னும் ஆசாரிய உடை இருந்ததை முந்தின வசனமே சொல்லிவிடுகிறது. உடுக்க ஏதுமில்லை என்று அவள் தைக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் பிள்ளைக்கு எந்த அளவில் துணியை வெட்டுவது? போன முறை அணைத்தபோது அவன் தலை தன் இடுப்புவரை எட்டியதை நினைத்து, ஓராண்டு வளர்த்தியையும் மனத்தாலே கூட்டி அவள் அளந்திருக்க வேண்டும்.

பென்னாகரத்திலிருந்து என்னைக் கிருஷ்ணகிரியில் விடுதியில் சேர்த்திருந்த ஆண்டுகளில், என் அம்மாவும் கிறிஸ்துமஸ் சட்டையை அளவெடுக்காமலேதான் தைத்துக் கொண்டுவருவார். கையிலும் கீழ் ஓரத்திலும் இரண்டு விரற்கடைத் துணி உள்ளே மடிந்திருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் தையலைப் பிரித்து அதை இறக்கிவிடுவார். பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும். என்னைப் பிரதிஷ்டை செய்த நாளைப் பற்றி அம்மா பேசிக் கேட்டதில்லை. அந்தப் பட்டைதான் எனக்கு நினைவிருக்கிறது.

அன்னாள் கேட்டது ஆண்பிள்ளையை. ஆனால் பின்பு அவள் மூன்று குமாரரையும் இரண்டு குமாரத்திகளையும் பெற்றாள் என்று 21ஆம் வசனம் பெண்மக்களையும் எண்ணிச் சொல்கிறது. பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்டு, பெற்றோர் கைவிடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ள 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் வந்துசேர வேண்டியிருந்த மாவட்டம் எங்களுடையது. அதனால்தான், மூன்றாவதாகப் பிறந்த மகளை அந்தத் தகப்பன் இரு கைகளாலும் உயர்த்தியபோது என்னால் கண்ணீரை அடக்க முடியவில்லை.

குழந்தைக்குப் போட்டிருந்த வெள்ளைக் கவுன் சற்றுப் பெரியது. கைகள் விரல்களை முழுவதுமாக மூடியிருந்தன. ஜெபம் முடிவதற்குள் பாட்டியம்மா ஓரடி முன்னால் வந்து, அவற்றை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார்.