பெயர்ப்பட்டியலில் முளைத்த யூரோ குறி

யாங்கூனில் எங்கள் கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் புதிய சர்வருக்கு மாற்றியதும் தமிழும் பர்மியமும் ஒருசேரக் குலைந்தன. இங்கே பலருக்கு இரண்டு பெயர்கள்: வீட்டில் முருகேசன், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். எதைத் தேடினாலும் ஆள் அகப்பட வேண்டும்.

'நல்ல எழுத்துருவாகப் போடுங்கள்' என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். கோளாறு எழுத்துருவில் இல்லை என்பது அந்தக் குப்பையிலேயே தெரிந்தது. தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக்குறி திரும்பத் திரும்ப வந்தது. பர்மியப் பெயர்கள் இருந்த இடத்தில் யூரோ குறி. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் குறியீடுகளைப் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாக, சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முதலிரண்டும் 224, 174 அல்லது 224, 175 ஆக இருக்கும். பர்மியத்துக்குப் பெரும்பாலும் 225, 128. எங்கள் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் 'லத்தீன்1' என்ற மேற்கத்திய எழுத்து அட்டவணையில் 174 அந்த வணிகக்குறி, 128 யூரோ.

பைட்டுகளை எண்களாக எடுத்துப் பார்த்தேன். 224 இருக்க வேண்டிய இடத்தில் 195, 160. அதாவது, மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகக் கருதப்பட்டு மறுபடி யூடிஎஃப்-8 ஆகியிருந்தது. இதைப் பின்னோக்கி நடத்தலாம்: பட்டியலின் நகலில், லத்தீன்1 ஆக மாற்றி, வெறும் பைனரியாக்கி (எழுத்தென்று பாராத பைட்டுகளாக்கி), பிறகு யூடிஎஃப்8எம்பி4, அதாவது மைஎஸ்க்யூஎல்லின் முழு யூடிஎஃப்-8, என்று படிக்கச் சொன்னேன். முருகேசன் திரும்பி வந்தார். இதை மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே செய்வது நல்லது. தமிழ்ப் புள்ளியின் கடைசி பைட் 141. லத்தீன்1-க்கு அடிப்படையான விண்டோஸ்-1252 அட்டவணையில் அந்த இடம் காலி என்பதால் பைத்தான் நிரல்மொழி புள்ளியிலேயே இடறி நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் காலி இடங்களையும் அப்படியே கடத்திவிடுகிறது.

63 என்ற எண் வரிசையாக நின்ற பெயர்களுக்கு வழியே இல்லை. 63 கேள்விக்குறியின் எண்; அவை நிஜமான கேள்விக்குறிகள், மூல பைட்டுகள் போய்விட்டன. ரசீதுப் புத்தகங்களைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்தோம். இனிமேல் கெடாதிருக்க, தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பின் அமைப்பிலும் யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதிவைத்தேன்.

தமிழ் முடிந்தது, பர்மியம் முடியவில்லை. பைட்டுகள் சரி, எழுத்துகள் மட்டும் தாறுமாறு. காரணம் ஜாகியி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறை. மியன்மார் 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. எங்கள் பட்டியலில் அதற்கு முந்தைய பதிவுகளே அதிகம். ஜாகியியும் அதே குறியீட்டு எண்களைத்தான் எடுத்துக்கொள்கிறது, ஆனால் வேறு பொருளில். நம் கொம்பைப் போல இடப்பக்கம் நிற்கும் உயிர்க்குறியை அது மெய்க்கு முன்னே சேமிக்கும். யூனிகோட் பின்னே சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்கள் தேடலில் பொருந்தாமல் போவது இதனால்தான். கூகுள் வெளியிட்ட 'மியன்மார் டூல்ஸ்' என்ற இலவச நிரல், ஓர் எழுத்துச்சரம் ஜாகியியாக இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டுத் தரும். நீண்ட முகவரிகளில் அது தயங்கவில்லை. குட்டிப் பெயர்களில் தடுமாறியது. அவற்றை இரண்டு விதமாகவும் அச்சிட்டுப் பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளைகளிடம் கொடுத்தேன். பார்த்த மாத்திரத்தில் பிழையானதை அடித்துவிட்டார்கள்.

மாற்றத்துக்கு முந்தைய நெடுவரிசையை இன்னும் அழிக்கவில்லை. இடம் வீணாகிறது என்று கணக்குப்பிள்ளை முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.