நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு ஒரு சம்மேளனம்

அல்டிமேட் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. ஃபிரிஸ்பீ என்று சொன்னால், "ஓ, பீச்சில் நாய்க்கு எறிவார்களே, அதுவா?" என்பார்கள். ஏறக்குறைய அதுதான், நாய் மட்டும் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், 100 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் உள்ள மைதானம், 175 கிராம் எடையுள்ள டிஸ்க். டிஸ்க் கையில் இருப்பவர் ஓடக்கூடாது, எறியத்தான் வேண்டும். எதிர்ப்பக்க எல்லைப் பகுதிக்குள் நம் ஆள் அதைப் பிடித்தால் ஒரு பாயின்ட். மணலில் ஆடினால் பக்கத்துக்கு ஐந்து பேர். நடுவர் கிடையாது. ஃபவுல் என்றால் ஆடுகிறவர்களே சொல்ல வேண்டும், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப்பிலும் இதே விதிதான்.

இந்த ஆட்டத்துக்கு இந்திய அளவில் ஒரு நிர்வாக அமைப்பைக் கட்டும் வேலையில் நானும் இருந்தேன். மைதானத்தில் ஆடியதைவிட மினிட்ஸ் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். லக்ராஸ், ஃப்ளோர்பால் என்று வேறு சின்ன விளையாட்டுகளில் இதே வேலையில் இறங்கும் நண்பர்கள் அடிக்கடி போன் செய்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், ஏன் அமைப்பு? உண்மையைச் சொன்னால், எங்களில் பலருக்கு அது தேவையே இல்லை. ஐடி வேலை, கையில் சம்பளம், சனி ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஆட்டம். டோர்னமென்ட் நடத்தினால் அணிக் கட்டணம் யாராவது ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போகும், அவரே டிஸ்க், ஜெர்சி, தண்ணீர் கேன் எல்லாம் வாங்குவார், மிச்சத்துக்கு எல்லாரும் பிரியாணி சாப்பிடுவோம். நிம்மதியான வாழ்க்கை.

அப்புறம் கடலோரக் குப்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். ஆட்டத்துக்கு ஷூ வேண்டாம், வலை வேண்டாம், மணலும் ஒரு டிஸ்க்கும் போதும். இரண்டே வருடத்தில் எங்களை ஓட ஓட விரட்டினார்கள். அதில் ஒரு பெண்ணின் அம்மா ஒருநாள் பயிற்சி முடிகிற நேரத்துக்கு வந்து நின்றார். மகள் வாங்கி வந்த சான்றிதழ்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டு, "ஏம்மா, இது காலேஜ் சீட்டுக்கு ஆகுமா? வேலைக்கு ஆகுமா?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துத் தெருவில் கபடி ஆடிய பையன் ஒருவனுக்கு வழி கிடைத்திருந்ததாம். "இப்போதைக்கு ஆகாதுக்கா" என்று சொன்னேன். அந்தத் தாள்களில் லோகோ இருந்தது, என் கையெழுத்து இருந்தது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று பின்னால் நிற்காமல் அவற்றுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

எனவே இந்த வேலை யாருக்காக என்பதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு சண்டையிலும் இதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

எல்லாரும் பயந்த சர்வதேசப் பக்கம்தான் சுலபமாக இருந்தது. உலக ஃப்ளையிங் டிஸ்க் சம்மேளனம் 1985இல் தொடங்கியது. 2015இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. ஒரு நாட்டுக்கு ஓர் உறுப்பினர் அமைப்புதான். கேட்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது: ஜனநாயக முறையில் தேர்வான நிர்வாகம், உறுப்பினர் எண்ணிக்கை, ஆண்டுச் சந்தா, ஊக்கமருந்து தடுப்பு விதிகளை ஏற்றுக்கொள்ளும் உறுதி. மின்னஞ்சல் போட்டால் பதில் வரும். கடைசி விஷயம்தான் எங்கள் ஆட்களுக்குப் புதிது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் போடுகிற வீரர் எந்த மருந்து, எவ்வளவு அளவு என்று பார்க்க வேண்டும், சிலவற்றுக்கு முன்கூட்டியே மருத்துவ விலக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னபோது, "பீச்சில் ஆடுகிறதுக்கா?" என்று சிரித்தார்கள். நாட்டின் ஜெர்சி போட்ட பிறகு பீச் என்ன, மைதானம் என்ன?

உள்ளூர்ப் பக்கம் வேறு கதை. சங்கமா, அறக்கட்டளையா, கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கற்ற நிறுவனமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அறக்கட்டளை வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அதில் அறங்காவலர்கள்தான் எல்லாம். ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு அவர்களை இறக்க வழி இருக்காது. கடைசியில் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிவு செய்வது என்று முடிவானது. ஏழு பேர் சேர்ந்தால் போதும். ஏழு பேர் கிடைப்பது கஷ்டமே இல்லை, ஏழு பேரின் ஆதார், பான், போட்டோ, கையெழுத்து எல்லாம் ஒரே நாளில் ஒரே மேஜைக்கு வருவதுதான் கஷ்டம்.

அதைவிடக் கஷ்டம் முகவரி. சங்கத்துக்குப் பதிவு அலுவலகம் என்று ஓர் இடம் காட்ட வேண்டும். எங்களுக்கு ஏது அலுவலகம்? ஒரு வீரரின் வாடகை வீட்டைக் காட்டலாம் என்றால் வீட்டு உரிமையாளரின் ஆட்சேபனையின்மைக் கடிதம், சொத்து வரி ரசீது, கரன்ட் பில் நகல் எல்லாம் வேண்டும். "சங்கம்னு போர்டு வைப்பீங்க, நாளைக்குக் கொடி ஏத்துவீங்க" என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இன்னொரு வீராங்கனையின் பெரியப்பா தன் சொந்த வீட்டைக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: வீட்டு வாசலில் யாரும் செருப்பைக் கண்டபடி கழற்றிப் போடக்கூடாது.

பெயரிலும் ஒரு சிக்கல். ஃபிரிஸ்பீ என்பது வாம்-ஓ நிறுவனத்தின் வணிகச் சின்னம், சங்கத்தின் பெயரில் போட முடியாது. இந்திய, தேசிய என்ற சொற்களைப் போட்டால் பதிவு அலுவலகத்தில் பேனா நின்றுவிடும். அரசின் ஆதரவு இருப்பதுபோல் தோன்றும் பெயர்களை 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. "கவர்ன்மென்ட்ல லெட்டர் இருக்காம்மா?" என்றார் அங்கிருந்தவர். அரசு அங்கீகரித்தால் கடிதம் வரும். அங்கீகாரம் கேட்கவோ முதலில் பதிவு வேண்டும். கோழியா முட்டையா கதை. அந்தச் சொற்கள் இல்லாத ஒரு பெயரை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், பெயரை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் நான் கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில்.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையான வேலை துணைவிதிகள், அதாவது சங்கம் உள்ளுக்குள் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகள், அதிலும் ஒரே ஒரு கேள்வி: ஓட்டு யாருக்கு?

எங்கள் ஆட்டம் வளர்ந்தது கிளப்புகளில். சென்னை, பெங்களூரு, அகமதாபாத் மாதிரி நகரங்களில் சில கிளப்புகள்தான் எல்லாச் செலவையும் தாங்கி, பயிற்சியாளர்களை உருவாக்கி, அணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவை. அரசின் கணக்கில் கிளப் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2011ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு மேம்பாட்டு விதித்தொகுப்பைப் படித்தால் தெரியும். அதன்படி, அங்கீகாரம் வேண்டுமென்றால் மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் மூன்றில் இரண்டு பங்கில் கிளைகள் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் 36க்கு 24. ஒவ்வொரு மாநிலக் கிளைக்கும் அந்த மாநிலத்தின் பாதி மாவட்டங்களில் கிளைகள் வேண்டும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் பாதி என்றால் 19. சென்னையில் தடுக்கி விழுந்தால் ஓர் அணி இருக்கிறது. அடுத்த பத்து மாவட்டங்களில் டிஸ்க்கைப் பார்த்தவர்களே இல்லை.

ஆக, பெரிய கிளப்புகளிடம் போய், "இத்தனை நாள் நீங்கள் வளர்த்தீர்கள், இனிமேல் உங்களுக்கு நேரடி ஓட்டு இல்லை, மாநிலச் சங்கம் வழியாகத்தான்" என்று சொல்ல வேண்டும். நூறு வீரர்கள் உள்ள மாநிலத்துக்கும் பன்னிரண்டு பேர் உள்ள மாநிலத்துக்கும் ஒரே மதிப்பு. கிளப் தலைவர்கள் கொதித்தார்கள். "வேலை நாங்க பாக்கணும், ஓட்டு அவங்க போடணுமா?" என்று ஒரு அண்ணன் வீடியோ காலிலேயே எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கடைசியில் ஒரு சமரச ஏற்பாடாக, ஓட்டு மாநிலங்களுக்கு. போட்டி நாட்காட்டி, விதிகள், பயிற்சி ஆகியவற்றை முடிவு செய்யும் தொழில்நுட்பக் குழு கிளப்புகளுக்கு. ஆண்டுச் சந்தா ஒவ்வொரு வீரரும் நேரடியாகச் சம்மேளனத்துக்கு. அழகான அமைப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் யாரும் வெளியேறவில்லை.

இந்த 24 என்ற எண்ணைத் தேடித்தான் தரகர்கள் வருவார்கள். சின்ன விளையாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் எங்களைத் தேடி வந்தார், பெயர் வேண்டாம். வேறு சில விளையாட்டுகளின் மாநிலச் சங்கங்களில் பதவியில் இருப்பவர். பையைத் திறந்து, லெட்டர்பேடுகளை மேஜையில் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார். எல்லாவற்றிலும் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள். விளையாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. "மேடம், உங்க கேமைப் போட்டுக்கலாம். ஒரு மாநிலத்துக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம். எலெக்ஷன்ல நான் சொல்றவங்களுக்கு ஓட்டு விழும், அவ்வளவுதான்" என்றார். கூச்சமே இல்லை. தண்ணீர் இணைப்புக்கு ஆள் பிடித்துத் தருகிற தொனியில்தான் பேசினார்.

எங்கள் கமிட்டியில் இரண்டு பேர் இதற்குச் சம்மதம் சொன்னார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. "குப்பத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த வருஷமே சர்டிஃபிகேட் மதிப்பு கிடைக்கும், நமக்கு என்ன கௌரவம் வேண்டியிருக்கு?" என்று என் வாதத்தையே எனக்குத் திருப்பினார்கள். அன்று இரவு நெடுநேரம் பேசினோம். நான் சொன்னது இது: இருபது மாநில ஓட்டு அவர் கையில் இருந்தால் சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவது என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். மைதானத்துக்கே வராத பையனுக்குச் சான்றிதழ் விற்கப்படும், அந்தப் பெண்ணின் இடம் அவனுக்குப் போகும். ஒரே விளையாட்டுக்கு இரண்டு மூன்று சம்மேளனங்கள், கோர்ட் வழக்குகள் என்று சீரழிந்தவற்றை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஓட்டெடுப்பில் தரகர் தோற்றார், பெரிய வித்தியாசத்தில் அல்ல.

விண்ணப்பப் படிவங்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ஒரு படிவத்தில் 'தகுதி பெற்ற நடுவர்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். பூஜ்யம் என்று எழுதினால் விளையாட்டே இல்லை என்று நினைப்பார்கள். காலியாக விட்டால் படிவம் முழுமையில்லை என்று திரும்பி வரும். உலக சம்மேளனம் வீரர்களுக்கு இணையத்தில் விதித் தேர்வு வைக்கிறது. அதில் தேறியவர்களின் பட்டியலை இணைத்து, 'இந்த விளையாட்டில் எல்லா வீரர்களும் நடுவர்களே' என்று எழுதினோம். கூடவே ஸ்பிரிட், அதாவது விளையாட்டுப் பண்புக்கான மதிப்பெண் தாளையும் வைத்தோம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எதிரணி நமக்கு ஐந்து தலைப்புகளில் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும்: விதி அறிவு, உடல் மோதல், நியாய மனம், நடந்துகொள்ளும் முறை, பேச்சு. படிவத்தைப் பெறும் அதிகாரி தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தோத்தவன் ஜெயிச்சவனுக்கு மார்க் போடுவானா? போட்டுட்டு வீட்டுக்குப் போவானா?" என்று கேட்டார். போவான் சார் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை, ஆனால் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

2025இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, அதே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. அங்கீகாரம் கொடுக்கத் தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம். செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் குறைந்தது நான்கு பெண்கள், குறைந்தது இரண்டு சாதனை வீரர்கள். பெண்கள் விஷயம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கலப்பு ஆட்டத்தில் ஏழு பேரில் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில்தான் மைதானத்திலேயே நிற்கிறோம். சாதனை வீரர் யார் என்பதுதான் எங்களுக்கு வில்லங்கம். அரசு அங்கீகரிக்காத விளையாட்டில் எந்தப் பதக்கத்தைச் சாதனை என்று கணக்கில் எடுப்பது? எங்கள் துணைவிதிகளைத் திருத்தும் குழு இதில்தான் இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

சிறுவர் பாதுகாப்புக் கொள்கை, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு, பயிற்சியாளர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியவற்றை யாரும் கேட்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். பெற்றோர் சம்மதப் படிவத்தைத் தமிழில் அடியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், எதற்கு என்று தெரியாமல்.

பணத்தைப் பற்றி: வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போகக்கூடாது, ஆண்டுத் தணிக்கை அறிக்கையை ஒரு வருடம்கூடத் தவறாமல் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். செயற்குழு மாறினால் அந்த விவரமும் போக வேண்டும். இதில் தூங்கிவிட்ட சங்கங்கள்தான், பின்னால் யாராவது வழக்குப் போடும்போது முதலில் விழுகின்றன.

24க்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. வடகிழக்கில் இரண்டு மாநிலங்களில் உண்மையாகவே ஆடுகிறவர்கள் சங்கம் பதிந்துகொண்டிருக்கிறார்கள், ஞாயிறு இரவு அவர்களுடைய துணைவிதி வரைவைப் படித்துத் திருத்துவது என் வேலை. தமிழ்நாட்டில் மாவட்டங்களைத் தேட உடற்கல்வி ஆசிரியர்களைப் பிடிப்பதுதான் வழி என்று இப்போது புரிந்திருக்கிறது. ஒரு பள்ளிக்குப் பத்து டிஸ்க், ஒரு நாள் பயிற்சி. அந்த மஞ்சள் பைப் பெண் இப்போது பயிற்சி கொடுக்கப் போகிறவர்களில் ஒருத்தி. அவளுக்குக் கல்லூரி இடம் மதிப்பெண்ணில்தான் கிடைத்தது. பேருந்துச் செலவுக்கும் தினப்படிக்கும் சம்மேளனக் கணக்கிலிருந்து, இரண்டு கையெழுத்தோடு, காசோலை போகிறது.